பள்ளிக்கு இணையம் வந்த பிறகு செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை திறப்பு, உயர் தொழில்நுட்ப ஆய்வகம் திறப்பு, ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கல் என்று நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. எத்தனை கருவிகள், எத்தனை கோடி என்ற விவரம் அவற்றில் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்த அறையில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் இருக்காது. தொலைவில் உள்ள பெரிய கணினிகளில் (சர்வர்) கோப்புகளையும் நிரல்களையும் வைத்து இணையம் வழியாகப் பயன்படுத்தும் முறையால், அதாவது கிளவுட் என்று எல்லாரும் சொல்லும் மேகக் கணிமையால், பள்ளிக் கல்வி நிச்சயம் மேம்படும். அதற்குக் கருவி வாங்கினால் மட்டும் போதாது. கட்டடத்துக்குள் இணையம் எந்த வழியாக வகுப்பறைக்குப் போகிறது, கணக்குகளும் கடவுச்சொற்களும் யார் பொறுப்பில் இருக்கின்றன என்ற இரண்டையும் சரிசெய்யாத வரை எவ்வளவு செலவழித்தாலும் அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது. துறையும் தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கிளவுட் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. வருகைப்பதிவு, மாணவர் விவரங்களைச் சேர்த்துவைக்கும் எமிஸ் தளத்துக்குப் போகிறது. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் மத்திய அரசால் 2017-இல் தொடங்கப்பட்ட தீக்‌ஷா தளம் திறக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடக் காணொளிகள் உள்ளன. இவை எல்லாவற்றிலும் பள்ளியானது தகவலை மேலே அனுப்புகிறது, அல்லது காணொளியைக் கீழே வாங்கிக்கொள்கிறது. மாணவர் தன் கையால் எதையாவது செய்து, தவறு செய்து, திருத்திப் பார்க்கும் இடமாகக் கிளவுட் இன்னும் மாறவில்லை. உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பைத்தான் நிரல்மொழி, எஸ்க்யூலைட் தரவுத்தளம், பைபிளாட் வரைபடங்கள் எல்லாம் பாடத்தில் உண்டு. வரைபடப் பாடத்துக்கு, பைபிளாட் அடங்கிய மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பை ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டும். 20 கணினி இருந்தால் 20 முறை. நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்தவர் மாறுதலில் போயிருப்பார். இணையம் நடுவில் அறுந்தால் நிறுவல் பாதியில் நிற்கும். ஒரு கணினியில் பைத்தானின் ஒரு பதிப்பு, அடுத்ததில் வேறொன்று. கடைசியில் அந்தப் பாடம் கரும்பலகையில் எழுதப்பட்டு, செய்முறைப் பதிவேட்டில் நகலெடுக்கப்பட்டு முடிந்துவிடுகிறது. மாணவர் ஒரு வரைபடத்தைக்கூடத் திரையில் பார்த்திருக்க மாட்டார்.

பிரவுசரிலேயே நிரல் எழுதி இயக்க உதவும் கூகுள் கோலாப் போன்ற கிளவுட் நோட்புக்கில் இந்தச் சிக்கலே கிடையாது. பிரவுசர் திறந்தால் போதும். மேட்பிளாட்லிப்பும் எஸ்க்யூலைட்டும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. நிரல் ஓடுவது தொலைவில் உள்ள சர்வரில் என்பதால் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியும் திணறாது. போய்வருவது நிரல் வரிகளும் விடையும் மட்டுமே. காணொளி பார்ப்பதற்குத் தேவைப்படும் இணைய வேகத்தில் சிறு பகுதி போதும். வேகம் குறைந்த பள்ளிகளுக்கு இது முக்கியமான வேறுபாடு. காணொளி நின்று நின்று ஓடும் அதே இணைப்பில் 20 மாணவர்கள் தடையின்றி நிரல் எழுதலாம்.

இதில் நிகழும் தவறுகளையும் ஆசிரியர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். முதலாவது, ஆசிரியர் தன் நோட்புக்கைத் திருத்தும் உரிமையுடன் பகிர்ந்துவிடுவது. 20 பேரும் ஒரே கோப்பில் எழுதுவார்கள்; ஒருவர் அழித்தால் அனைவருக்கும் அழியும். பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்து, வகுப்பு தொடங்கியதும் அவரவர் டிரைவில் (கூகுளின் கோப்புச் சேமிப்பிடம்) நகல் சேமிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, அட்டவணைத் தரவு கொண்ட சிஎஸ்வி கோப்பு காணாமல் போவது. கோலாபின் இடப்பக்கப் பலகையில் ஏற்றும் கோப்பு தற்காலிகமானது. அமர்வு முடிந்ததும் போய்விடும். செவ்வாய்க்கிழமை ஏற்றியதை வியாழக்கிழமை தேடும் மாணவர், தன் நிரல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார். கோப்பை டிரைவில் வைத்து அங்கிருந்து இணைக்க வேண்டும். பத்து வரித் தரவு என்றால் நிரலுக்குள்ளேயே எழுதி ஒரு சிஎஸ்வி உருவாக்கச் சொல்வது இன்னும் எளிது, அதுவும் பாடத்தில் உள்ள பயிற்சிதான். மூன்றாவது, பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடம். பாடநூல் விண்டோஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கோலாபின் பின்னணியில் ஓடுவது லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம். தொகுத்த கோப்பை இயக்கும்போது பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்க்காவிட்டால் பிழை வரும். இந்த ஒரு மாற்றத்தை எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டினால் ஒரு பாடவேளை மிச்சம்.

இதே காரணத்தால் பழைய கணினிகளையும் மடிக்கணினிகளையும் கழித்துக்கட்ட அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தப்பட்டது. ஆய்வகங்களில் உள்ள பல கணினிகள் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் இல்லாதவை. வேலை எல்லாம் பிரவுசரில் நடக்கும் என்றால் அவற்றில் மத்திய அரசு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ, வேறொரு எளிய லினக்ஸையோ, 4 ஜிபி நினைவகம் இருந்தால் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸையோ நிறுவி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சேமிப்புச் சாதனம்) போட்டாலே கணினி வேறு மாதிரி ஆகிவிடும். புதிய கணினி வாங்கும் தொகையில் இது மிகச் சிறு பகுதி.

பழைய கணினிகளில் எவரும் எதிர்பாராத ஒரு கோளாறு உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி பத்துப் பதினைந்து ஆண்டு பின்னால் போய்விடும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சொல்லித் திறக்க மறுக்கும். ஆசிரியர் இணையம் வேலை செய்யவில்லை என்று புகார் எழுதுவார். இணைய நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்து, இணைப்பு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். கடையில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பேட்டரி இல்லாமல் ஒரு கணினி மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

இனிக் கட்டடத்துக்குள் வருவோம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு கொடுத்தாயிற்று என்றால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 720பி தரத்தில் ஒரு காணொளிக்கு ஏறக்குறைய 2.5 எம்பிபிஎஸ் வேண்டும். 40 பேர் தனித்தனியாகப் பார்த்தால் 100 எம்பிபிஎஸ்ஸும் தீர்ந்துவிடும், அதுவும் அந்த வேகம் முழுதாகக் கிடைக்கும் நாளில். எனவே வகுப்பில் எல்லாரும் பார்க்க வேண்டிய காணொளியை முந்தைய நாளே இறக்கி ஒரே திரையில் போட வேண்டும். இணைப்பை மாணவர் கைவேலைக்கு விட்டுவைக்க வேண்டும்.

ஆனால் வேகம் குறைகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் வெளியே இருந்து வரும் இணைப்பல்ல. தலைமையாசிரியர் அறையில் இருக்கும் வீட்டு உபயோக ரூட்டர் ஒன்றையே மூன்று சுவர் தாண்டி 40 கருவிகளும் பிடிக்க முயல்வதுதான் காரணம். அத்தகைய ரூட்டர் 15, 20 கருவிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் வேலை செய்தால் திணறும். ஆய்வகக் கணினிகள் இடம் மாறுவதில்லை. அவற்றுக்கு வைஃபை தேவையே இல்லை. பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும் 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று வைத்து, கேட் 6 என்ற வகைக் கேபிளில் இணைக்க வேண்டும். ஒரே நீளத்தில் 100 மீட்டருக்கு மேல் இந்தக் கேபிளை இழுக்கக் கூடாது. தனித்தனிக் கட்டடங்கள் இருந்தால் நடுவில் செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் போட வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு இடி விழுந்தால் வெளியே கட்டிய செம்புக் கேபிள் வழியாக மின்னழுத்தம் பாய்ந்து இரு பக்கத்துச் சுவிட்சையும் எரித்துவிடும். வகுப்பறைகளுக்குக் கூரையில் பொருத்தும், வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்கள் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அவற்றை 1, 6, 11 ஆகிய சேனல்களில் மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சேனலில் விட்டால் ஒன்றன் பேச்சை மற்றொன்று மறைக்கும். கருவிகள் ஏற்குமானால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது.

மின்சாரத்திலும் ஒரு சிறு கவனக்குறைவு எங்கும் காணப்படுகிறது. ஆய்வகத்துக்கு யுபிஎஸ் இருக்கும். இணையம் நுழையும் ஃபைபர் மோடம் வேறு அறையில், சாதாரண பிளக்கில் இருக்கும். மின்சாரம் போனால் கணினிகள் ஓடும், இணையம் நின்றுவிடும். மோடமும் ரூட்டரும் சேர்ந்து இழுப்பது 20, 25 வாட் அளவுதான். அவற்றுக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். கிளவுட் ஆவணங்களில் தட்டச்சு செய்வது அவ்வப்போது தானாகச் சேமிக்கப்படுவதால், மின்வெட்டில் மாணவர் எழுதியது போய்விட்டது என்ற பழைய அழுகை இல்லை. அந்தப் பயன் மோடத்துக்கும் மின்சாரம் இருந்தால்தான் முழுமையாகும்.

இன்னொன்று, புதுப்பிப்புகள். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு, எனவே புதன் காலை கணினிகளை இயக்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் இறக்கத் தொடங்கும். அன்றைய ஆய்வக வகுப்பு போயிற்று. ஒரு கணினி இறக்கியதை அதே வலையமைப்பில் உள்ள மற்றவை பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதை இயக்கிவைத்து, புதுப்பிப்புக்குச் சனிக்கிழமை ஒதுக்க வேண்டும்.

இணையமே நிலையில்லாத மலைக் கிராமப் பள்ளிகளுக்கும் வழி இருக்கிறது. லேர்னிங் ஈக்குவாலிட்டி என்ற தன்னார்வ நிறுவனம் இலவசமாகத் தரும் கோலிப்ரி மென்பொருள் இதற்காகவே உருவானது. ஒரு பழைய மடிக்கணினியைச் சர்வராக வைத்து, 500 ஜிபி டிஸ்கில் பாடங்களை ஏற்றிவிட்டால், மாணவர்கள் பள்ளி வைஃபை மூலம் பிரவுசரில் அவற்றைத் திறக்கலாம். வெளி இணையம் வேண்டாம். ஓர் ஆசிரியர் இணையமுள்ள இடத்திலிருந்து கோலிப்ரி ஸ்டுடியோவில் தமிழ்ப் பாடங்களைத் தொகுத்துவைத்தால், பிற பள்ளிகள் டோக்கன் என்ற ஒரு குறியீட்டைக் கொடுத்து அதை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற அறிவியல் பாவனைச் சோதனைகளும் ஒருமுறை இறக்கினால் இணையமின்றி ஓடுபவை. மின்சுற்று, விசை, அமிலம் காரம் போன்ற பாடங்களுக்கு மிகவும் ஏற்றவை. கிளவுட் என்றால் எந்நேரமும் இணைப்பில் இருப்பது என்று பொருளில்லை. இரவில் ஒருமுறை ஒத்திசைந்து பகல் முழுதும் தனியாக இயங்கும் ஏற்பாடும் அதில் அடங்கும். துறை இதை ஏன் பெரிய அளவில் முயலவில்லை என்பது எனக்கு வருத்தமே.

வகுப்புத் தேர்வுக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் போன்றவற்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய பயன் ஒவ்வொரு கேள்விக்கும் வரும் விடைப் பரவலில் இருக்கிறது. பின்னங்களைக் கூட்டும் கேள்விக்கு வகுப்பில் பாதிப் பேர் ஒரே தவறான விடையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவர்கள் மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். மறுநாள் காலையே அதை எடுத்துச் சொல்லலாம். இதற்குத் தவறான விடைகளை யோசித்து வைக்க வேண்டும். சும்மா மூன்று எண்களைப் போட்டால் ஒன்றும் தெரியாது. மாணவர் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லவும் கூடாது. தலைப்பெழுத்து முன்னால், பின்னால், தமிழில், ஆங்கிலத்தில் என்று ஒரே பெயர் நான்கு விதமாக வந்து, ஒப்பிட முடியாமல் போகும். வருகைப்பதிவேட்டு வரிசை எண்ணைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும்.

தமிழ்வழிப் பள்ளிகளுக்கு எழுத்துருச் சிக்கல் தனியே இருக்கிறது. வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் பல ஆண்டுகளாகப் பென்டிரைவ்களில் குவிந்துகிடக்கின்றன. அவற்றைக் கிளவுடில் ஏற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும், தேடவும் முடியாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-இல். இன்றும் பழைய எழுத்துருவில் புதிய வினாத்தாள்கள் தயாராகின்றன. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் கணிதக் குறிகளும் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் மாற்றத்தில் சிதையும் என்பதால் ஒவ்வொரு தாளையும் ஒருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் பாடவாரியாகப் பிரித்துச் செய்தால் மாவட்டத்துக்கே பொதுவான, தேடத்தக்க வினா வங்கி கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது கணக்குகள்தான். மின்னஞ்சல், ஆவணங்கள், சேமிப்பிடம் அடங்கிய, கல்வி நிறுவனங்களுக்கான கூகுள் ஒர்க்ஸ்பேஸின் அடிப்படைப் பதிப்பும் மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 365 ஏ1 பதிப்பும் இலவசம். அப்படியிருந்தும் பல பள்ளிகளின் ஆவணங்கள் ஏதோ ஓர் ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் இருக்கின்றன. பொது மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு மாவட்டம் போனால் பள்ளியின் பாடத்திட்டமும் மதிப்பெண் தாள்களும் அவருடனே போய்விடும். பள்ளிக் கணக்கு இருந்தாலும், போனவரின் கணக்கை நீக்கிவிட்டால் 20 நாட்களுக்குள்தான் மீட்க முடியும். நீக்குவதற்கு முன் கோப்புகளின் உரிமையை மற்றொருவருக்கு மாற்ற வேண்டும். முதலிலிருந்தே தனிநபர் டிரைவில் வைக்காமல், நிறுவனத்துக்குச் சொந்தமான பகிர்வு டிரைவில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

பள்ளிக் கணக்குகளுக்கு நிர்வாகிகள் இருவர் வேண்டும்; ஒருவர் மட்டும் போதாது, ஐவர் கூடாது. இருவருக்கும், கடவுச்சொல்லுடன் இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். அதற்கான மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு உறையிலிட்டுத் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் வைக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் தளத்தில் 2024 டிசம்பரில் கோடிக்கணக்கான மாணவர் விவரங்கள் திருடுபோனது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு கணக்கின் கடவுச்சொல் வழியாகத்தான். பள்ளியின் இணைய முகவரியைப் புதுப்பிக்கும் தேதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அது காலாவதியானால் மின்னஞ்சல் எல்லாம் நின்றுவிடும். வேறொருவர் அந்த முகவரியை வாங்கினால் பள்ளிக்கு வரும் கடிதங்கள் அவருக்குப் போகும்.

இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற பகிர்வு முறையில் ஆதார் எண், சாதி, பெற்றோர் கைபேசி எண் அடங்கிய தாள்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தை என்றே கொள்கிறது; பெற்றோரின் ஒப்புதலைப் பேசுகிறது; குழந்தைகளின் நடத்தையைக் கண்காணித்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. அதே 2023-இல்தான், தீக்‌ஷா தளத்தின் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல் கிடந்து, ஆசிரியர், மாணவர் விவரங்கள் லட்சக்கணக்கில் வெளியில் தெரியும்படி இருந்தது செய்தியானது. மேலே சொன்ன கோலாப் போன்ற கூடுதல் சேவைகளை மாணவருக்குத் திறந்துவிடும் முன்னும் பெற்றோர் ஒப்புதல் வாங்க வேண்டும். சேர்க்கைப் படிவத்துடனேயே தமிழில் ஒரு பக்க ஒப்புதல் தாளைச் சேர்த்துவிடலாம்.

கிளவுடில் இருந்தால் காப்புநகல் தேவையில்லை என்பது தவறான நம்பிக்கை. ஒரு கணினியில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குப் பின் 25 நாள் வரை நிர்வாகி மீட்கலாம், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை முக்கியக் கோப்புறைகளை வெளி ஹார்டு டிஸ்கில் இறக்கிப் பூட்டிவைக்க வேண்டும்.

அரசிடம் கேட்பவை இவை. ஆய்வகப் பயிற்றுநர்களின் நேரத்தை எமிஸ் பதிவேற்றம் விழுங்காமல், வாரத்தில் இரண்டு நாளாவது மாணவர் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்க ஆணை வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கேபிள் சோதனைக் கருவி, உதிரி அடாப்டர்கள், பேட்டரிகளுடன் ஒரு தொழில்நுட்பர் மாதந்தோறும் பள்ளிகளைச் சுற்றிவர வேண்டும். இணையப் பராமரிப்புக்கென ஆண்டு மானியத்தில் தனித் தலைப்பு வேண்டும். கருவி வாங்கும் தொகையிலிருந்து இதைப் பிரித்தால்தான் ரூட்டர் எரிந்த பள்ளி அடுத்த டெண்டர் வரை காத்திருக்காது.

கிளவுட் சேவைக்கான ஒப்பந்தங்களில், ஒப்பந்தம் முடியும்போது மாணவர் தரவு முழுவதையும் சிஎஸ்வி போன்ற திறந்த வடிவத்தில் கட்டணமின்றித் திருப்பித் தர வேண்டும், தந்தபின் தன் சர்வரிலிருந்து அழித்ததற்கு எழுத்துச் சான்று தர வேண்டும் என்ற இரண்டு விதிகளும் இடம்பெற வேண்டும். ஒரு காலத்தில் கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் அளவின்றிக் கொடுத்த இடம் 2022-இல் நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று சுருங்கியது. பதிவுசெய்த விரிவுரைகளைச் சேர்த்துவைத்திருந்த பல கல்லூரிகள் எதை அழிப்பது என்று தவித்தன. இலவசத்தின் விதிமுறையைக் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். டெண்டர் ஆவணத்தில் இந்த விதிகள் இல்லாத சேவை எதையும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பள்ளிக் கல்வித் துறை ஏற்கக் கூடாது.

இப்படிக்கு,
பள்ளிக் கணினி ஆய்வகங்களின் வலையமைப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
மதுரை.